வெர்னிகெரோடேயிலிருந்து பிரோக்கன் உச்சி வரை: ஹார்ட்ஸ் மலையில் நடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் பிரோக்கன் மலைக்குப் போய் வந்தேன் என்று சொல்பவர்களில் பலர், நீராவி ரயிலில் மேலே போய், மூடுபனிக்குள் அரை மணி நேரம் நின்று, ஒரு சூப் குடித்துவிட்டு அதே ரயிலில் இறங்கியவர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். பத்தடி தள்ளி நின்றவரின் முகம்கூடத் தெரியவில்லை. உச்சிக்குப் போனதற்குச் சாட்சி ரயில் டிக்கெட் மட்டும்தான். அடுத்த முறை மலையடிவார ஊரான இல்சன்புர்க்கிலிருந்து நடந்து ஏறினேன். அன்றும் மேலே மூடுபனிதான், ஆனால் அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. ஏறும் வழியெல்லாம் ஆறும் பாறையும் காடும் பார்த்தாகிவிட்டது, உச்சி கடைசி அரை மணி நேரம் மட்டும்தானே!

அதனால் இந்த வழிகாட்டி உச்சியை மூன்றாம் நாளுக்குத் தள்ளி வைக்கிறது. முதல் நாள் தண்ணீர், இரண்டாம் நாள் பாறை, மூன்றாம் நாள் உச்சி. கால்கள் பழகவும் இந்த வரிசைதான் நல்லது.

ஊரும் மலையும்

ஜெர்மனியின் நடுவில், ஹார்ட்ஸ் மலைத்தொடரின் வடக்கு விளிம்பில் சுமார் 240 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய ஊர் வெர்னிகெரோடே. மரச்சட்டங்களுக்கு நடுவே மண்ணும் செங்கலும் வைத்துக் கட்டி, சட்டங்களுக்கு வண்ணம் பூசிய வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. சந்தைச் சதுக்கத்தில், இரண்டு கூர்மையான கோபுரங்களுடன் நகர மண்டபம் இருக்கிறது. அதற்கு மேலே குன்றின் மீது கோட்டை. இடைக்காலக் கோட்டை போலத் தெரிந்தாலும், இன்று நாம் பார்க்கும் தோற்றம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் ஸ்டோல்பெர்க்-வெர்னிகெரோடே குடும்பத்தின் ஓட்டோ கோமகன் காலத்தில் மாற்றிக் கட்டியது. இந்த ஓட்டோவின் பெயரை நாளைக்குக் காட்டுக்குள்ளேயும் பார்ப்போம்.

பிரோக்கனின் உயரம் 1141 மீட்டர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தவர்களுக்கு இது சின்னக் குன்றாகத் தோன்றும். ஏமாறக் கூடாது. வட ஜெர்மனியின் சமவெளியில் இருந்து வரும் காற்றுக்கு முதல் தடை இந்த மலைதான். வருடத்தில் சுமார் 300 நாள் உச்சியில் எப்போதாவது மூடுபனி இறங்கிவிடும். 1984 நவம்பரில் இங்கே காற்றின் வேகம் மணிக்கு 263 கிலோமீட்டர் என்று பதிவானது. மரங்கள் 1100 மீட்டரிலேயே நின்றுவிடுகின்றன. ஆல்ப்ஸில் இதைவிடப் பல நூறு மீட்டர் மேலேதான் காடு முடியும்.

செத்த மரங்களைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்

பழைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டு அடர்பச்சைக் காட்டை எதிர்பார்த்து வருகிறவர்கள், ரயிலில் இருந்து இறங்கியதும் திகைத்துப் போகிறார்கள். மலைச்சரிவு முழுக்கச் சாம்பல் நிறத்தில் பட்டுப்போன மரங்கள், தீக்குச்சிகளை நட்டு வைத்தது போல. காட்டுத் தீயா என்று கேட்பார்கள். தீ வந்ததும் உண்மைதான். 2022லும் 2024லும் செப்டம்பர் மாதத்தில் பிரோக்கனுக்குப் பக்கத்தில் கூனிக்ஸ்பெர்க் சரிவில் பிடித்தது. ஆனால் மரங்கள் அதற்கு முன்பே செத்திருந்தன.

கதை சுரங்கத்தில் தொடங்குகிறது. ஹார்ட்ஸ் மலையில் வெள்ளியும் செம்பும் ஈயமும் தோண்டிய காலத்தில், சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும் உலைக்குக் கரி போடவும் இயற்கையான காடுகளை வெட்டித் தீர்த்தார்கள். அந்த இடத்தில் சீக்கிரம் வளரும் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். ஸ்ப்ரூஸ் மேல் மலைக்கே உரிய மரம். கீழ்ச்சரிவுகளில் பீச் போன்ற இலையுதிர் மரங்கள் இருந்திருக்க வேண்டும். 2018ல் தொடங்கி அடுத்தடுத்து மூன்று கோடைகள் மழை பொய்த்தன. தண்ணீர் கிடைக்காத ஸ்ப்ரூஸ் மரத்தால் பிசின் சுரந்து பூச்சியை விரட்ட முடியாது. அரிசி மணியைவிடச் சின்ன பட்டைவண்டு உள்ளே புகுந்து பட்டைக்கு அடியில் முட்டையிட்டது. சில வருடங்களில் மலை சாம்பல் நிறமானது.

இங்கே தேசியப் பூங்கா நிர்வாகம் ஒரு காரியம் செய்கிறது. பெரும்பகுதியில் செத்த மரங்களை அகற்றாமல் அப்படியே விட்டு வைக்கிறது. குனிந்து பாருங்கள். விழுந்த தண்டின் மேலேயே பாசி படர்ந்து, அதில் விரல் நீளத்தில் ஸ்ப்ரூஸ் கன்று முளைத்திருக்கும். பக்கத்தில் பிர்ச் மரமும், ஆரஞ்சுப் பழக்கொத்துகளோடு ரோவன் மரமும். ஒரு காடு எப்படித் தன்னைத் தானே திரும்பக் கட்டுகிறது என்பதை இப்போது நேரில் பார்க்கலாம். எனக்கு அந்தப் பழைய பச்சையைவிட இது சுவாரசியமாக இருக்கிறது.

ஒரே எச்சரிக்கை: காற்று பலமாக அடிக்கும் நாளில் செத்த மரங்களுக்கு அடியில் நடக்காதீர்கள். சத்தமே இல்லாமல் விழும்.

எப்போது போவது, எப்படிப் போவது

மே பாதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை நல்ல காலம். எனக்குப் பிடித்தது செப்டம்பர் கடைசி. கூட்டம் குறைந்து, காற்று தெளிந்திருக்கும். ஏப்ரல் 30 இரவு சூனியக்காரிகள் பிரோக்கனில் கூடுவதாக ஒரு பழைய நம்பிக்கை. அன்றைக்கு ஷீர்க்கே போன்ற ஊர்களில் திருவிழாக் கூட்டம். வேடிக்கை பார்க்கப் போகலாம், நடக்கப் போகக் கூடாது. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், மேலே பனி இடுப்பளவு நிற்கும். முதல் தடவைக்கு வேண்டாம்.

ஹனோவரிலிருந்து கோஸ்லார் வழியாகவும், பெர்லினிலிருந்து மாக்டெபுர்க், ஹால்பர்ஷ்டாட் வழியாகவும் ரயில் வருகிறது. மாக்டெபுர்க், பிரவுன்ஷ்வைக், கிளவுஸ்டால் பக்கம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது வாரக் கடைசியில் போய் வரும் தூரம்தான். வெர்னிகெரோடேயில் தங்கினால் விடுதியில் சுற்றுலா வரி வாங்குவார்கள். அதற்குப் பதிலாக 'ஹாட்டிக்ஸ்' என்று அச்சிட்ட அட்டை தருவார்கள். அந்த அட்டை இருந்தால் வட்டாரப் பேருந்துகளில் டிக்கெட் எடுக்க வேண்டாம். பலர் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்டு வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். நீராவி ரயிலுக்கு இது செல்லாது. அதன் டிக்கெட் தனி, விலையும் அதிகம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

நன்றாகப் பிடிக்கும் அடிப்பகுதியுள்ள ஷூ. மழைக்கும் காற்றுக்கும் தாங்கும் மேல்சட்டை, கோடையிலும்கூட. ஊரில் 25 டிகிரி வெயில் இருக்கும்போது உச்சியில் 12 டிகிரியும் காற்றும் இருப்பது சாதாரணம். வியர்த்த பனியனை மாற்ற இன்னொன்று, குல்லாய், ஒன்றரை லிட்டர் தண்ணீர், டார்ச். காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடையாது. செல்பேசியில் வரைபடத்தை முந்தின இரவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையாகக் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும். மலைக்கடைகள் எல்லாம் அட்டை வாங்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அவசரத்துக்கு எண் 112.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, மேலே பிரபலம் பட்டாணி சூப்தான். சைவர்கள் கவனிக்க வேண்டும். சூப்பில் மிதக்கும் சாசேஜை எடுத்துவிட்டால் சைவம் என்று நினைக்காதீர்கள், பன்றி இறைச்சியோடு சேர்த்தே வேகவைத்திருக்கலாம். 'ஓனே ஃப்ளைஷ்', அதாவது இறைச்சி இல்லாமல், என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நான் புளியோதரை கட்டிக்கொண்டு போகிற கட்சி.

அப்புறம் ஒரு சின்னப் புத்தகம். ஊரின் சுற்றுலா அலுவலகத்தில் ஹார்ட்ஸ் நடைபயண முத்திரைப் புத்தகம் விற்கிறார்கள், விலை சில யூரோதான். ஹார்ட்ஸ் முழுக்க 222 இடங்களில் ஒரு மரப்பெட்டி நிறுத்தியிருக்கும். மூடியைத் தூக்கினால் உள்ளே ரப்பர் முத்திரை, அந்த இடத்தின் எண்ணோடும் பெயரோடும். புத்தகத்தில் நீங்களே குத்திக்கொள்ள வேண்டியதுதான். 8 முத்திரைக்கு வெண்கலப் பதக்கம், 16க்கு வெள்ளி, 24க்குத் தங்கம். 50 சேர்த்தால் நடைபயண ராஜா, 222ம் முடித்தால் சக்கரவர்த்தி! குழந்தைகளுக்கு 11 போதும், இளவரசர் இளவரசி ஆகிவிடலாம். சிறுபிள்ளை விளையாட்டு என்று சிரித்தேன். மூன்றாவது பெட்டிக்குப் பிறகு மழையில் அரை மணி நேரம் கூடுதலாக நடந்து நான்காவதைத் தேடிப் போனேன். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் கண்டிப்பாக வாங்குங்கள். 'இன்னும் எவ்வளவு தூரம்' என்ற கேள்வி 'அடுத்த பெட்டி எங்கே' என்று மாறிவிடும்.

வந்து சேர்ந்த மாலை: கோட்டைக் குன்று

பயணக் களைப்பு தீர ஒரு நடை. சந்தைச் சதுக்கத்திலிருந்து கோட்டைக்கு ஏறுங்கள். கோட்டை முற்றத்தின் மதில் ஓரத்தில் நின்றால் சிவப்பு ஓட்டுக் கூரைகளுக்கு அப்பால் பிரோக்கனின் வட்டமான முதுகு தெரிய வேண்டும். தெரிந்தால் அதிர்ஷ்டம். கோட்டைக்குப் பின்புறம் இறங்கினால் கிறிஸ்டியானென்டால் என்ற சிறு பள்ளத்தாக்கில் ஹார்ட்ஸ் காட்டு விலங்குகளை வைத்திருக்கும் பூங்கா இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் ஊர் திரும்பிவிடலாம்.

முதல் நாள்: தண்ணீர்

ஊரின் தென்மேற்குப் பகுதி ஹாசெரோடே. அங்கிருந்து ஹோல்டெம்மே என்ற ஆற்றின் கரையைப் பிடித்து மேலே நடக்க வேண்டும். நீராவி ரயில் ஓடும் மீட்டர்கேஜ் பாதையில் 'ஷ்டைனெர்னே ரென்னே' நிலையத்தில் இறங்கித் தொடங்கினால் ஊருக்குள் நடப்பது மிச்சம். பெயருக்குக் கல் வாய்க்கால் என்று பொருள் சொல்லலாம். பொருத்தமான பெயர்தான். அறை அளவு கிரானைட் உருண்டைகளுக்கு நடுவே ஆறு படிப்படியாக விழுந்து வருகிறது. ஒரே அருவி கிடையாது; அரை மணி நேரம் நீளும் நூறு குட்டி அருவிகள். பாதை ஆற்றை ஒட்டியே ஏறுவதால் பேசினால் கேட்காது.

நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் மேலே பழைய விடுதிக் கட்டடம் வரும். பாலத்தில் நின்று கீழே பார்க்கலாம். இங்கேயே திரும்பிவிடுபவர்கள் நிறைய. நீங்கள் தொடர்ந்து ஓட்டோஃபெல்ஸ் பலகையைப் பாருங்கள். ஓட்டோவின் பாறை. காட்டுக்குள் திடீரென்று 36 மீட்டர் உயரத்துக்குக் கிரானைட் தூண், தோசைகளை அடுக்கியது போல. பாறையோடு இரும்பு ஏணிகளைப் பிணைத்திருக்கிறார்கள். ஏணியில் ஏறும்போது இரும்பு உள்ளங்கையில் சில்லென்று இருக்கும், சட்டங்களுக்கு இடையே கீழே மரத்தலைகள் தெரியும். உயரம் ஆகாதவர்கள் அடியிலேயே இருந்துவிடலாம், வெட்கமில்லை. ஒரு சமயத்தில் நான்கைந்து பேர்தான் மேலே நிற்க இடம். இறங்கி வருகிறவருக்கு வழிவிட்டு ஏறுங்கள். மேலே இருந்து கோட்டையும் ஊரும் ஒரு பக்கம், பிரோக்கன் மறுபக்கம்.

திரும்பும்போது தும்குலென்டால் பள்ளத்தாக்கு வழியாக இறங்கலாம். அங்கே மீட்டர்கேஜ் ரயில் ஒரு குட்டிச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வரும். அந்த வலையமைப்பு முழுவதற்கும் இது ஒன்றுதான் சுரங்கப்பாதை, நீளம் 58 மீட்டர். நேரம் பார்த்துக் காத்திருந்தால் புகையோடு வெளியே வரும் இன்ஜினைப் பார்க்கலாம். சுற்று முழுவதும் 10, 12 கிலோமீட்டர். நிதானமாக நான்கு மணி நேரம்.

இரண்டாம் நாள்: பாறை

காலை ரயிலில் டிரை அன்னென் ஹோனே. 'மூன்று அன்னாக்கள்' என்ற பெயர் பக்கத்தில் இருந்த ஒரு பழைய சுரங்கத்திலிருந்து வந்தது. இங்கே இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும். 1950களில் செய்த இன்ஜின்கள், இன்னும் நிலக்கரியில் ஓடுகின்றன. பயணிகள் பாதிப்பேர் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் இறங்கி நடக்கத் தொடங்குங்கள்.

ஹோனே பண்ணை வீட்டைக் கடந்து ட்ரூடென்ஷ்டைன் பாறை. இதற்கும் ஏணி உண்டு, நேற்றையதைவிட எளிது. அதற்கு மேல் பாதை ஒடுங்கி, வேரும் கல்லுமாக ஏறி ஹோனே பாறைத் தொடருக்குப் போகிறது. அதில் லைஸ்டென்கிளிப்பேயில் ஏற வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரம், பிரோக்கனுக்கு நேர் எதிரே. பலர் உச்சிக்கே ஓடிவிடுவதால் இங்கே கூட்டம் குறைவு. பிரோக்கனைப் பார்க்க வேண்டுமானால் பிரோக்கன் மேல் நின்று பயனில்லை. லைஸ்டென்கிளிப்பேயில் நிற்க வேண்டும். ஏறும் ரயிலின் புகை மலையைச் சுற்றி வெள்ளை நூல் போல நகர்வது தெரியும். சுற்றி இறங்கினால் 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஈரமான நாளில் கல் வழுக்கும், ஊன்றுகோல் இருந்தால் நல்லது.

மூன்றாம் நாள்: உச்சி

ஏறுவதற்கு மூன்று முக்கியப் பாதைகள். உங்களுக்கு எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

குறுகிய வழி ஷீர்க்கேயிலிருந்து. பேருந்தில் ஷீர்க்கே போய், எக்கர்லோக் பாதையில் ஏறினால் சுமார் 6 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். நடுவில் செங்குத்தான பாறைப் படிகள் உண்டு, கடைசிப் பகுதி தார்ச்சாலை. குழந்தை வண்டியோடு வருகிறவர்கள் முழுவதுமே தார்ச்சாலையில் போகலாம், ஆனால் அலுப்பாக இருக்கும்.

மேற்கிலிருந்து வருகிறவர்களுக்கு டோர்ஃப்ஹவுஸ். அது ஏற்கெனவே 800 மீட்டர் உயரம், அதனால் ஏற்றம் குறைவு. ஒரு வழிக்கு 8 கிலோமீட்டர். கோதே பாதை என்று பெயர். 28 வயது கவிஞர் கோதே 1777 டிசம்பர் 10 அன்று டோர்ஃப்ஹவுஸ் வனக்காவலரைக் கூட்டிக்கொண்டு பனியில் உச்சிக்கு ஏறினார். சேற்றுநிலத்தின் மேல் போட்ட பலகைப் பாதை இந்த வழியின் அழகு.

நான் சொல்வது மூன்றாவது: இல்சன்புர்க்கிலிருந்து ஹைன்ரிஷ் ஹைனே பாதை. ஒரு வழி ஏறத்தாழ 12 கிலோமீட்டர், ஏற்றம் 850 மீட்டருக்கு மேல், நான்கு முதல் ஐந்து மணி நேரம். வெர்னிகெரோடேயிலிருந்து ரயிலில் பத்து நிமிடத்துக்குள் இல்சன்புர்க். காலை எட்டரைக்குள் நடக்கத் தொடங்கிவிடுங்கள். கவிஞர் ஹைனே 1824ல் உச்சியிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கினார். அவர் இறங்கிய வழியில் நாம் மூச்சு வாங்க ஏறுகிறோம், அவர் புத்திசாலி.

முதல் ஒன்றரை மணி நேரம் இல்செ ஆறு துணைக்கு வரும். ஏற்றம் தெரியாத ஏற்றம், மேலே பீச் மர நிழல். இல்செ அருவிகளைத் தாண்டி ஆற்றை விட்டதும் நிழல் போய்விடும், செத்த காடு திறந்துகொள்ளும். ஸ்டெம்பெல்ஸ்பூஹே என்ற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடுத்து வருவதுதான் கடினம்.

பிரோக்கனின் இந்தப் பக்கம் ஒரு காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் எல்லைப் பகுதி. 1961 ஆகஸ்டிலிருந்து 1989 டிசம்பர் 3 வரை பொதுமக்கள் உச்சிக்குப் போக முடியாது. மேலே ராணுவமும் உளவுத்துறையும் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தன. எல்லைக் காவல் வண்டிகளுக்காகப் போட்ட துளையிட்ட கான்கிரீட் பலகைகள் இன்னும் கிடக்கின்றன. பாதையின் மேல் பகுதி அதன் மீதுதான். வண்டிக்காகப் போட்டது, மனிதக் காலுக்கு அல்ல. வளைவே இல்லாமல் நேராக மேலே போகிறது. துளைகளில் புல் முளைத்து மறைந்திருக்கும், குதிகால் சரியாக அதில் போய் இறங்கும். பலகையின் விளிம்பில் கால் வைத்து, சின்னச் சின்ன அடியாக ஏறுங்கள். இந்த இடத்தில் என்னைத் தாண்டிப் போன எழுபது வயதுப் பாட்டி ஒருவர் 'ஹலோ' சொல்லிவிட்டு நிற்காமல் போனார். இங்கே எதிர்ப்படும் எல்லோருக்கும் ஹலோ சொல்வது வழக்கம்.

மரங்கள் குட்டையாகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு இல்லாமலே போகும். காற்று அடையாளம் சொல்லும். மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

உச்சியில் கற்கள் குவித்த மேடு, சுற்றிலும் திசைகாட்டும் உலோகத் தகடுகள். கல்லில் 1142 மீட்டர் என்று இருக்கும். மலை 1141தான். பல காலம் 1142 என்றே எழுதிவந்ததால், அந்த ஒரு மீட்டரைக் கல் அடுக்கி நிரப்பிவிட்டார்கள்! பழைய ஒட்டுக்கேட்புக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். குமிழ் மாடத்தைப் பார்த்து அதற்கு மசூதி என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். 1890ல் தொடங்கிய தாவரத் தோட்டமும் இருக்கிறது. வசந்தத்தில் வந்தால் பிரோக்கன் அனிமோனி என்ற வெள்ளைப் பூவைத் தேடுங்கள், ஜெர்மனியில் வேறெங்கும் அது தானாக வளர்வதில்லை. வெயில் முதுகில் அடித்து எதிரே மூடுபனி இருந்தால் அந்தப் பனியையே பாருங்கள். பனித்திரையில் உங்கள் நிழல் ராட்சத உருவமாக, தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு நிற்கும். 'பிரோக்கன் பூதம்' என்று உலகம் முழுக்கச் சொல்வது இதைத்தான்.

இறங்குவது

ஏறியவர்களின் முழங்கால் இறக்கத்தில்தான் கணக்குக் கேட்கும். அதனால் ரயில் வேண்டுமென்றால் இப்போது பயன்படுத்துங்கள். வெர்னிகெரோடே வரை இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஏறுவதற்கு முன்பே கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் சூரிய அஸ்தமனம் பார்க்கும் ஆசையில் அதைத் தவறவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது. அன்றைக்குத் தார்ச்சாலையில் செல்பேசி வெளிச்சத்தில் ஷீர்க்கே வரை இறங்கினேன். பேட்டரி 9 சதவீதம். வழியில் என்னையும் ஒரு நரியையும் தவிர யாரும் இல்லை, நரிக்கு வழி தெரிந்திருந்தது. தார்ச்சாலை அலுப்பு என்று மேலே எழுதினேனே, அன்றைக்கு மட்டும் அதை வாழ்த்திக்கொண்டே நடந்தேன்.

நடந்தே இறங்குவதென்றால் எக்கர்லோக் வழியாக ஷீர்க்கே, அங்கிருந்து பேருந்து. ஆனால் கல் ஈரமாக இருந்தால் எக்கர்லோக் வேண்டாம், சாலையில் வந்துவிடுங்கள்.

தேசியப் பூங்காவுக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது. கூடாரம், நெருப்பு, டிரோன் எதுவும் கூடாது. நாய்க்குக் கயிறு கட்ட வேண்டும். வறண்ட கோடையில் புகைபிடிப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 'கெஷ்பெர்ட்' என்ற பலகை இருந்தால் பாதை மூடியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மரம் விழுந்திருக்கும் அல்லது விழப்போகிறது. சுற்றிப் போங்கள்.

மறந்துவிடாதீர்கள், உச்சியின் முத்திரைப் பெட்டி அருங்காட்சியகக் கட்டடத்தின் பக்கம் இருக்கிறது, எண் 9. களைப்பில் குத்தாமல் இறங்கிவிட்டு ஷீர்க்கேயில் நினைவு வந்தவர்களை எனக்குத் தெரியும்.